நீலத்தில் கலந்த ஊதா

பிப்ரவரி 11

அன்புள்ள வாலு,

தூசியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அதிகமா? இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். "எல்லாரும் நலம்" என்று ஒரே வரியில் முடித்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன். போனில் பேசினால் அத்தை "சாப்டியா, தூங்கினியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். கடிதம் என்றால் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லலாம் அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அண்ணன் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. நாற்பத்தோரு வயதில், பதினாறு வருடம் பார்த்த பள்ளிக்கூட ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு, நாத்தனாரையும் மாமியாரையும் விட்டுவிட்டு, இந்தத் தாமிர ஆலைக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. எனக்கே நம்ப முடியவில்லை.

குவார்ட்டர்ஸில் ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கல்மேடு. நம் தெரு நீளத்துக்கு, மூன்று மாடி உயரத்துக்கு உடைத்துக் கொட்டிய கல். அதன் தலையில் குழாய்களை விரித்து, சொட்டுச் சொட்டாக அமிலத் தண்ணீர் விடுகிறார்கள். மேலே விட்டது அடியில் வந்து சேரப் பல நாள் ஆகுமாம். வரும்போது அது நீலமாக வருகிறது, வாலு! கல்லுக்குள்ளிருந்து நீலம் வழிகிறது. வகுப்பில் கரண்டியால் அள்ளி மயில்துத்தம் கரைத்துக் காட்டியவள் நான். அந்த நீலம் இங்கே ஆறடி அகல வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்ததும் பேச்சே வரவில்லை. கூட வந்தவர்கள் எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்தார்கள்.

என் வேலை சாம்பிள் எடுப்பது, அளப்பது, எழுதுவது. லேப் மேடம் கண்டிப்பானவர். மற்றபடி பம்ப் அண்ணன், கிரேன் அண்ணன், மின்சார அண்ணன் என்று எல்லாருக்கும் ஒரு அண்ணன் போட்டு வைத்துவிட்டேன். என்னைவிட எட்டு வயது சின்னவரும் அண்ணன்தான். தனியாக இருக்கிற பொம்பளைக்கு அது ஒரு வேலி.

அத்தையை மாடிப்படி ஏறவிடாதே.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணி,

தனித்தனியாகவே எழுதுகிறேன். அம்மாவின் வலது முழங்கால் தேவலை. இடது முழங்கால் அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது. கடையில் நேற்று மட்டும் பதினான்கு கண்ணாடிக்கு விளிம்பு தீட்டினேன். கை இன்னும் அதிர்கிறது. முப்பத்தாறு வயதுக்காரியை வாலு என்று எழுத உங்கள் ஒருவருக்குத்தான் உரிமை. உறையின் மேல் மட்டும் எழுதிவிடாதீர்கள், தபால்காரர் சிரிக்கிறார்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு மூன்று தடவை வாசித்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு வீட்டில் நான்தான் ரேடியோ. எல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"கல்லுல இருந்து செம்பு கரைஞ்சு வருதுன்னா, கல்லுல கிடக்கிற மத்த குப்பையும் சேந்துதானே கரையும்? செம்பை மட்டும் யாரு பிரிச்சு எடுக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை. லென்ஸில் ஒரு துகள் தெரிந்தால் துணியால் துடைப்பேன். தண்ணீரில் கரைந்ததை எப்படித் துடைப்பார்கள்? எழுதுங்கள், அம்மா தினமும் கேட்கிறாள்.

அண்ணன் அறையை அப்படியே வைத்திருக்கிறோம். லீவில் வந்தால் நீங்கள் அங்கேதான் படுக்க வேண்டும்.

உங்கள்,
வாலு


மார்ச் 20

அன்புள்ள வாலு,

எனக்கு இருமல் வந்து போய்விட்டது. பயப்படாதே, சும்மா தூசி. அங்கே இரண்டு முழங்காலும் சமாதானமாகிவிட்டனவா?

அத்தையின் கேள்வியை லேபில் சொன்னேன். லேப் மேடம், "உங்க அத்தைய இங்க வேலைக்கு வரச் சொல்லுங்க" என்றார். இந்த ஆலை முழுக்க அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நீலத் தண்ணீரில் தாமிரம் மட்டும் இல்லை. ஏறக்குறைய அதே அளவு இரும்பு இருக்கிறது. மாங்கனீசு, உப்பு, மணல்பொடி எல்லாம் இருக்கிறது. இதில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு எண்ணெயைக் கலக்குகிறார்கள். அந்த எண்ணெயில் ஒரு மருந்து இருக்கிறது. அதற்குத் தாமிரத்தை மட்டும்தான் பிடிக்கும். மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இரும்பை மட்டும் எப்போதாவது ஓரக்கண்ணால் பார்க்கும். கலக்கியதை ஒரு மைதானம் அளவுக்கு அகலமான, இடுப்பளவு ஆழமுள்ள தொட்டியில் ஓடவிட்டால் எண்ணெய் மேலே வந்துவிடும், தாமிரத்தைத் தூக்கிக்கொண்டு. அடுத்த தொட்டியில் கடும் அமிலம் அதை வாங்கிக்கொள்ளும். எண்ணெய் வெறுங்கையோடு திரும்பி வந்து மறுபடி பிடிக்கும். இதே எண்ணெய் வருடக்கணக்காக இப்படிப் போய் வந்துகொண்டிருக்கிறது. யாரும் கைதட்டுவதில்லை.

ஆனால் எண்ணெய் கிளம்பும்போது கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்த் துளிகளும் ஒட்டிக்கொண்டு போகும். அந்தத் துளிக்குள் மாங்கனீசும் உப்பும் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருக்கும். அவை கடைசிக் கட்டமான டேங்க் ஹவுஸுக்குள் போய்விட்டால் தொல்லை. அதனால் நடுவில் ஒரு தொட்டியில் எண்ணெயைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். எண்ணெயைக் கழுவுவதை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கூழ் சேருகிறது. மண், பாசி, செத்த பூச்சி எல்லாம் கலந்த கசடு. கிரட் என்பார்கள். அது பெருகினால் எண்ணெயும் தண்ணீரும் பிரியாது. அதை உறிஞ்சி எடுத்து, மாட்டிக்கொண்ட எண்ணெயைப் பிழிந்து, சுத்தம் செய்து திருப்பிக் கொடுப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். பெயர் கிரட் மாஸ்டர். ஐம்பது வயது இருக்கும். பதினெட்டு வருடமாக இதே வேலை. "இது என்ன இடம்?" என்று கேட்டேன்.

"யாருக்கும் வேண்டாததெல்லாம் வந்து நிக்கிற இடம் மேடம். எனக்கு இங்கதான் வேலை" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. வீட்டு விலாசம் சொல்கிற மாதிரி சொன்னார்.

ஒரு ஜாடியில் எண்ணெயையும் நீலத்தையும் கலக்கி நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். கலங்கலின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. கோடு தெளிந்தது. மேலே தேன் நிறம், கீழே நீலம். எழுபது நொடி. "எழுபதுல பிரிஞ்சா உடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார். இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். காட்டினார். மூன்றாவது தடவை கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவரே காட்டினார்.

அத்தைக்கு இதைப் புரியும்படி வாசி.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணி,

நாங்கள் இருவரும் சௌக்கியம். உங்கள் இருமல் தூசியால்தான் என்று டாக்டர் சொன்னாரா, நீங்களே சொல்லிக்கொண்டீர்களா?

அம்மா ஒரு பாட்டிலில் சமையல் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி, சுவர்க் கடிகாரத்தின் அடியில் நிற்கிறாள். நாலு நிமிடம் ஆயிற்று. "நம்ம எண்ணெய்க்கு உடம்பு சரியில்லடி" என்றாள். அந்தக் கிரட் மாஸ்டர் பேசியதை மட்டும் தனியாக இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

மே நாலாம் தேதி, அண்ணனின் நினைவு நாள், வருகிறது. அன்றைக்கு நான் லீவு போட்டு அம்மாவோடு இருப்பேன். நீங்கள் அங்கே தனியாக இருப்பீர்களே என்று நினைத்தால்தான் என்னவோ போல் இருக்கிறது.

உங்கள்,
வாலு


மே 7

அன்புள்ள வாலு,

நலமாக இருக்கிறேன். நாலாம் தேதியை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள்? அத்தை சாப்பிட்டாரா?

நான் லீவு போடவில்லை. அறையில் உட்கார்ந்தால் சுவர் நெருங்கி வரும் என்று தெரியும். அவர் காலையிலேயே லேபுக்கு வந்து, "இன்னிக்குத் தகடு உரிக்கிற நாள். வாங்க, பாக்கலாம்" என்று கூட்டிப் போனார். தேதியை நான் சொல்லியிருந்தேனா என்று ஞாபகமில்லை.

டேங்க் ஹவுஸ் என்பது ஒரு நீண்ட கூடம். இரண்டு பக்கமும் தொட்டிகள். உள்ளே கருநீலக் கரைசல். ஒரு ஈயத் தகடு, ஒரு எஃகுத் தகடு, மறுபடி ஈயம், மறுபடி எஃகு என்று நெருக்கி நெருக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வோல்ட் என்று பார்த்தால் டார்ச் பேட்டரி அளவுதான். ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் அந்தக் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இயந்திரச் சத்தம் கிடையாது. தொட்டிகளுக்குள் மெல்லிய பொரிச்சல் மட்டும் கேட்கிறது. அந்த அமைதிக்குள் ஒவ்வொரு எஃகுத் தகட்டின் மேலும் தாமிரம் அணு அணுவாக உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

ஏழு நாள் கழித்துத் தூக்குகிறார்கள். கிரேன் அண்ணன் ஒரு வரிசையை மேலே எடுத்தார். சொட்டச் சொட்ட வந்தது. கழுவினார்கள். இயந்திரம் எஃகை லேசாக வளைத்தது. ஒரு அதட்டல் மாதிரிச் சத்தம் கேட்டது, தகடு உரிந்து விழுந்தது. இளஞ்சிவப்பு, வாலு. பிறந்த குழந்தையின் உள்ளங்கால் நிறம். ஒரு ஆள் தூக்க முடியாத கனம். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வேறெதுவும் கிடையாது. ஈயத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளித்தான் வளர்கிறது, ஆனால் ஈயம் ஒட்டவில்லை. பூச்சிக்கும் பாசிக்கும் இரும்புக்கும் மணலுக்கும் நடுவில் வந்தது, ஒன்றும் ஒட்டவில்லை.

உன் அண்ணனை நினைத்துக்கொண்டேன். முகமூடி போட்டுக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன். அங்கே அமிலப் புகையில் எல்லார் கண்ணும் கலங்கித்தான் இருக்கும். அவர் பக்கத்தில் நின்றார்.

அத்தையின் கையைப் பிடித்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


மே 29

அன்புள்ள அண்ணி,

எல்லாரும் நலம். கடையில் வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலு


ஜூன் 18

அன்புள்ள வாலு,

உன் கார்டு கிடைத்தது. கார்டில் எழுத்தைவிட வெள்ளைதான் அதிகம். உடம்பு சரியில்லையா? அத்தையா? மறைக்காமல் எழுது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். டேங்க் ஹவுஸ் கரைசலில் இரும்பு இருந்தால் மின்சாரத்தை வீணாகத் தின்னும். அதனால் மேனேஜர் மூன்று மாதமாக இரும்பைக் குறைத்துக்கொண்டே வந்தார். வாரா வாரம் அளந்து கொடுத்தது நான்தான். எண் குறையக் குறைய எல்லாருக்கும் சந்தோஷம். அதே சமயம் மேட்டில் புதிதாகக் கொட்டிய கல்லில் மாங்கனீசு அதிகம். போதாததற்குக் கழுவும் தொட்டியின் பம்ப் பழுதாகி ஒரு வாரம் கழுவாமலே ஓட்டினார்கள்.

கரைசலில் ஒரு கம்பியை முக்கி, எத்தனை மில்லிவோல்ட் என்று அளப்போம். வழக்கமாக ஐந்நூறுக்குள் காட்டும். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை அறுநூறு. செவ்வாய், எழுநூறு. புதன் மதியம் எண்ணூற்று நாற்பது.

"கம்பி அழுக்கா இருக்கும். கழுவிட்டு மறுபடி பாருங்க" என்றார் லேப் மேடம். கழுவினேன். அதே எண். பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நீலத்தில் லேசாக ஊதா கலந்திருந்தது. எத்தனை வகுப்புகளுக்குப் பெர்மாங்கனேட் கரைத்திருப்பேன், அந்த ஊதாவை எனக்குத் தெரியாதா? மாங்கனீசுதான் அப்படி மாறியிருந்தது. அது திரும்ப எண்ணெய்த் தொட்டிக்குப் போனால் எண்ணெயின் மருந்தைத் தின்றுவிடும்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு வெயிலில் ஓடினேன். அவர் தொட்டியின் நடைபாலத்தில் ஜாடியோடு நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் கடிகாரத்தைக் காட்டினார். எழுபது நொடியில் பிரிய வேண்டியது நாலு நிமிடமாகியும் பிரியவில்லை. நான் பாட்டிலைக் காட்டினேன்.

"டேங்க் ஹவுஸ் தண்ணியா இது?"

"இப்ப எடுத்தது. மாங்கனீசு பெர்மாங்கனேட்டா மாறிடுச்சு. எண்ணெயை அரிக்குது. இரும்பு இருந்தா பிடிச்சு நிறுத்தியிருக்கும். இரும்பைத்தான் நாம விரட்டிட்டோமே."

அவர் போய்க் கரைசல் வரும் பம்ப்பை நிறுத்தினார். நிறுத்த அவருக்கு அதிகாரம் கிடையாது. 'நிச்சயமா?' என்று என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வாலு, இந்த ஆலையில் நான் வாய் பிளந்து பார்த்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு நிமிடம் என்னை அசைத்துவிட்டது.

பதிவேட்டில் 'என் பொறுப்பில் நிறுத்தினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பேனாவைக் கேட்டேன்.

"நீங்க எதுக்கு மேடம்? புதுசா வந்தவங்க. போனா ஒருத்தர் வேலை போகட்டும்."

"அளந்தது நான். கையெழுத்தும் நான் போடுவேன்."

மேனேஜர் வந்து, "ரெண்டு பேரும் யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்று கத்தினார். நான் ஊதாக் கரைசலை இரண்டு ஜாடியில் ஊற்றினேன். ஒன்றில் அன்னபேதி ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினேன். அன்னபேதி இரும்பு உப்புதான். ஊதா போய்ச் சுத்த நீலம் வந்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தனை மூட்டை அன்னபேதி வேணும்?" என்றார். அவ்வளவுதான்.

இன்னும் ஒரு நாள் ஓடியிருந்தால் எண்ணெய் முழுவதும் போயிருக்கும், ஆலை மாதக்கணக்கில் நின்றிருக்கும். அழுக்கு என்று நாங்கள் துரத்திய இரும்புதான் இத்தனை நாள் காவல் இருந்திருக்கிறது. நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

கெட்டுப்போன எண்ணெயைக் களிமண் பொடியில் கலந்து வடித்து வடித்துத் தேற்றுகிறார். ஷிப்ட் முடிந்ததும் நானும் போய் நேரம் பார்க்கிறேன். நேற்று நூற்றுப் பத்து நொடி. இன்று தொண்ணூறு. அவர் ஜாடியை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

இந்தத் தடவை நீளமாக எழுது.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 27

அன்புள்ள வாலு,

அத்தையிடம் போன வாரம் போனில் பேசினேன். நீ குளிக்கிறாய் என்றார். அதற்கு முந்தின வாரமும் நீ குளித்துக்கொண்டிருந்தாய்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. காற்று அடிக்கிறது. வேலை இருக்கிறது. தகடுகள் நன்றாக வளர்கின்றன. நான் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் எது என்று சொல். சொல்லாமல் மட்டும் இருக்காதே.

அன்புடன்,
அண்ணி


ஆகஸ்ட் 14

அண்ணி,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

மே மாதக் கடிதத்தில் "அவர் காலையிலேயே லேபுக்கு வந்து" என்று வாசித்ததும் அண்ணன் என்று நினைத்தேன். அண்ணன் வர மாட்டான் என்று தெரிந்தும் ஒரு விநாடி அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வரியில்தான் ஆள் வேறு என்று உறைத்தது. அன்றே உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். லென்ஸில் கீறல் தேடுகிற கண் எனக்கு. பம்ப் அண்ணன் இருக்கிறார், கிரேன் அண்ணன் இருக்கிறார், மின்சார அண்ணன் இருக்கிறார். அவர் மட்டும் முதலில் கிரட் மாஸ்டர், அப்புறம் வெறும் 'அவர்'. உங்களுக்கே தெரியாமல் எழுதியிருப்பீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அதற்கப்புறம் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வாசிக்கும்போது அவர் வரும் இடத்தை எல்லாம் தாண்டிப் போனேன். ஊதாக் கதையில் நீங்கள் ஒற்றை ஆளாக ஓடிப் போய்ப் பம்ப்பை நிறுத்தியதாக வாசித்தேன். அம்மா கேட்டுக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அந்தக் கசடு எடுக்கிறவரு வேலைய விட்டுப் போயிட்டாரா?"

"ஏம்மா?"

"ரெண்டு மூணு கடுதாசியா ஆளையே காணோம். இவ வெயில்ல ஓடினா சரி, யாருகிட்ட ஓடினா? நீ முழுங்கி முழுங்கி வாசிக்கிற."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ மூச்சு விடுற இடம் மாறுது."

"உனக்குக் கோபமே வரலையாம்மா? அண்ணனை மறந்துட்டாங்க" என்றேன்.

அம்மா கையில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினாள். "மறந்தவ நாலாந்தேதி அங்க நின்னு அழுவாளா? என் பிள்ள போயிட்டான். எனக்குத் தெரியும். அவ போகலடி. அவ இருக்கா."

அப்புறம், "எடு கடுதாசிய. முதல்ல இருந்து வாசி. முழுங்காம வாசி" என்றாள்.

வாசித்தேன். ஊதாக் கதை முடிந்ததும், "நிச்சயமான்னு ஒரு தடவகூடக் கேக்கலையாமா?" என்றாள்.

"கேக்கலையாம்."

"ம்."

அந்த 'ம்'மை நீங்கள் நேரில் கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு இன்னும் முழுசாக மனசு வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இனி எதையும் முழுங்க மாட்டேன். அவர் உங்களிடம் ஏதாவது கேட்டாரா? நீங்கள் என்ன சொன்னீர்கள்?

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. எனக்குத்தான் மூன்று மாதமாக எதுவும் சரியில்லை. நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

வாலு


செப்டம்பர் 1

என் வாலு,

சாப்பிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்று மட்டும் சாப்பிடவில்லை. மறுநாள் பசித்தது, வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

நீ சொன்ன பிறகுதான் நானும் பார்த்தேன். 'அவர்' என்று எழுதியது எனக்கே தெரியாது. உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

கேட்டார். ஜூலை பத்தாம் தேதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில். கேண்டீனில் மேஜையைத் துடைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது மேடம். மிச்ச நாளை நாம சேந்து கழிக்கலாமா?"

"வீட்ல கேக்கணும்" என்றேன்.

"வீடுன்னா, அப்பா அம்மாவா?"

"என் அத்தையும் நாத்தனாரும்."

"அப்ப அவங்க சொல்ற வரைக்கும் நான் இதைப் பத்திப் பேசமாட்டேன்" என்றார். ஐம்பது நாளுக்கு மேல் ஆகிறது, பேசவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் அவருக்குக் கல்யாணமாகி, இரண்டே வருடத்தில் முறையாகப் பிரிந்துவிட்டார்களாம். "சண்டை இல்ல. பேச ஒண்ணுமில்லாமப் போச்சு" என்று ஒருநாள் சொன்னார்.

ஜூலைக் கடைசியில் உனக்கு எழுத உட்கார்ந்தது இதைச் சொல்லத்தான். காற்று, வேலை, தகடு என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

உன் அண்ணனை மறந்துவிட்டேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இல்லை. பதினான்கு வருடம் ஒரே தலையணையில் பேசியதை எப்படி மறப்பது? ஆனால் காலையில் எழுந்ததும் இன்று என்ன நிறம் பார்ப்போம் என்று ஆசையாக இருக்கிறது. மூன்று வருடமாக அந்த ஆசை எனக்கு இல்லை. அது எப்படித் திரும்பி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. புரியாமலே வியந்துகொண்டிருக்கிறேன்.

நீ வேண்டாம் என்றால் வேண்டாம். அழுதுவிட்டு, அப்புறம் கேட்டுக்கொள்வேன்.

அக்டோபர் பதினோராம் தேதி ஆலையைக் குடும்பத்தாருக்குத் திறந்துவிடுகிறார்கள். என் குடும்பம் என்று இரண்டு பேர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருவீர்களா?

உன்,
அண்ணி


அக்டோபர் 16

அன்புள்ள அண்ணி,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் அம்மா தூங்கவே இல்லை. எதிர் சீட்டுக்காரருக்கு எண்ணெய் எப்படித் தாமிரத்தைப் பிடிக்கிறது என்று விளக்கிக்கொண்டே வந்தாள். அந்த மனிதர் தன் ஸ்டேஷன் வந்தும் இறங்க மனமில்லாமல் நின்றார்.

நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

எனக்கு அவரைப் பிடிக்கக் கூடாது என்ற முடிவோடுதான் வந்தேன். அம்மா தலையில் ஹெல்மெட் வைத்து, வார் பட்டையை அவர் இரண்டு தடவை தப்பாக மாட்டிக் கழற்றினார். அம்மா சும்மா இருந்தாளா? அந்த நிலையிலேயே விசாரணையை ஆரம்பித்தாள்.

"என் மருமக சமைச்சுப் போடுவான்னு எதிர்பாக்குறீங்களா?"

"இல்லம்மா. அவங்க சமையலை ஒரு தடவ சாப்பிட்டேன். அதுக்கப்புறம் நான்தான் சமைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள், எனக்குத் தெரியும். அம்மா சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் நெற்றிக்கு இறங்கிவிட்டது.

அப்புறம் டேங்க் ஹவுஸ். எழுத்தில் வாசித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, அண்ணி. அத்தனை நீளமான கூடத்தில் அவ்வளவு அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. அம்மா வாயை மூடிக்கொண்டு நின்றதை என் வாழ்நாளில் முதல் தடவை பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்து மெதுவாக, "எங்க வளருது? ஒண்ணும் தெரியலையே" என்றாள்.

"தெரியாதும்மா" என்றார் அவர். "பதினெட்டு வருஷமா பாக்குறேன், நடக்குறப்ப ஒரு தடவகூடக் கண்ணுக்குத் தெரிஞ்சதில்ல. தூக்குனாத்தான் தெரியும்."

தகடு உரிந்து விழுந்ததும் அம்மா கையை வைத்தாள். "சூடா இருக்குடி" என்றாள், ஒரு உயிரைத் தொட்ட மாதிரி. நானும் வைத்தேன். தினமும் உள்ளங்கையில் கண்ணாடி பிடிக்கிறவள் நான். இந்தச் சூடு வேறு. அம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று அவர் பின்பக்கமாகவே நடந்து வழிவிட்டார். அவருக்குப் பின்னால் தகடு அடுக்கிய வண்டி திரும்பியது.

"அண்ணா, பின்னால பாருங்க!"

கத்தியது நான்தான். அவர் சட்டென்று நகர்ந்து, "சரிம்மா" என்றார். வண்டி போயிற்று. நீங்கள் மூன்று பேரும் என்னையே பார்த்தீர்கள். மூன்றரை வருடமாக நான் அந்தச் சொல்லை யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, அண்ணி. பஸ் கண்டக்டரைக்கூட 'சார்' என்றுதான் கூப்பிட்டேன். அது எனக்குள் தீர்ந்துபோய்விட்டது என்று நினைத்திருந்தேன். தீரவில்லை. அதனால்தான் நான் கழிப்பறைக்குப் போய்க் கால் மணி நேரம் வரவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னது பொய்.

டிசம்பரில் பதிவு அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். தேதியை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். கடையில் நான் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. நேற்று நாங்கள் வந்து ஆட்டோவிலிருந்து இறங்கும்போது எதிர் வீட்டம்மா வாசலில் நின்றிருந்தார். "எங்க போயிருந்தீங்க, நாலு நாளா வீடு பூட்டியிருக்கு?" என்று கேட்டார்.

"கல்யாணம் பேசப் போயிருந்தோம்" என்றாள் அம்மா.

எதிர் வீட்டம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "அப்பாடா, பொண்ணுக்கு ஒரு வழியா அமைஞ்சுதா?" என்றார்.

"இவளுக்கில்ல. என் மருமகளுக்கு."

"மருமகளுக்கா?"

"ஆமா, என் மருமகளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, அம்மா உள்ளே போய்விட்டாள். எதிர் வீட்டம்மாவும் நானும் பெட்டியும்தான் வாசலில் நின்றோம்.

அண்ணனுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள்,
வாலு